ரத்தம் சொன்ன சேதி

(பெங்களூரு அடுகோடியில் நடந்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவம் சம்பந்தமாக ஏதாவது பேச வேண்டும் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, முழங்கால் வலி என்று ஏதாவது ஒன்றை அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பற்றிப் பேச நல்ல டாக்டர்கள் நம் உறுப்பினர்களிலேயே இருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கிவிட்டு, அரசாங்க உத்தியோகத்தில் கோப்புகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ஆகவே வைத்திய ஆலோசனை சொல்ல எனக்கு அருகதை கிடையாது. ஒரு விஞ்ஞானியின் வேலையைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்த வேலை நம் குடும்பங்களைத் தொடுகிற வேலை என்பதால்தான் இந்தச் சபையில் சொல்கிறேன்.

அவர் டாக்டர் சுனிதி சாலமன். 1986-ம் வருஷம் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது என்பதை முதன்முதலில் ரத்தப் பரிசோதனை மூலம் காட்டிய சென்னைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். எய்ட்ஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் இரண்டு மூன்று பேர் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தேன். பரவாயில்லை. இன்னும் அரை மணி நேரம் பொறுமையாகக் கேளுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத வைத்தியர்கள்

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த அடுகோடி, ஓசூர் ரோட்டை ஒட்டிய பகுதி. முன்னாளில் மைக்கோ என்று எல்லோரும் சொன்ன பாஷ் கம்பெனியின் வளாகம் இங்கேதான். இங்கிருந்து கொஞ்ச தூரம் போனால் நிம்ஹான்ஸ், அதைத் தாண்டி கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி, ராஜீவ் காந்தி மார்பு நோய் நிலையம் என்று வரிசையாக இருக்கின்றன. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களைத் தொட்டுப் பார்த்து மருந்து எழுதும் டாக்டரை எல்லோருக்கும் தெரியும். ரத்தத்தையும், சளியையும், தண்டுவடத் திரவத்தையும், சதைத் துணுக்கையும் வாங்கிப் பார்த்து, 'இது காச நோய்', 'இது பூஞ்சை', 'இது புற்று' என்று தீர்ப்பு எழுதிக் கொடுப்பவரை நோயாளி ஆயுசில் ஒரு தடவை கூடப் பார்ப்பதில்லை. நோய்க்குறியியல் நிபுணர், நுண்ணுயிரியல் நிபுணர் என்று அவர்களைச் சொல்கிறோம். நம் கைக்கு வரும் காகிதத்தின் அடியில் ஒரு கையெழுத்து இருக்கும். அதுதான் அவர்.

நிம்ஹான்ஸில் மனித மூளைகளைப் பாடம் செய்து வைத்திருக்கும் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். எச்.ஐ.வி. உடம்பில் புகுந்து பல வருஷம் கழித்து மூளைக்குள் என்ன அக்கிரமம் செய்கிறது என்பதை இந்தியாவில் விரிவாக ஆராய்ந்தவர்களில் அந்த நிலையத்தின் நோய்க்குறியியல் துறையினரும் சேர்த்தி. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் காச நோயும், கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையும் மூளையைத் தாக்கும். ஆக, நான் பேசப் போகிற விஷயம் அடுகோடிக்கு அந்நியமானது அல்ல.

வீடு தேடி வந்த அம்மைத் தடுப்பூசி

சுனிதி சென்னையில் வாழ்ந்த ஒரு மராட்டியக் குடும்பத்துப் பெண். கெய்டோண்டே என்பது பிறந்த வீட்டுப் பெயர். தோல் ஏற்றுமதி வியாபாரம் செய்த குடும்பம். வருஷா வருஷம் பெரியம்மைத் தடுப்பூசி போட சுகாதார அதிகாரி வீட்டுக்கு வருவார். அதைப் பார்த்துத்தான் தனக்கு மருத்துவத்தில் ஆசை வந்ததாகப் பிற்காலத்தில் அவர் சொல்லியிருக்கிறார். நம்மில் எழுபதைத் தாண்டியவர்களின் கையில் அந்தத் தடுப்பூசித் தழும்பு இன்றும் இருக்கும். நாம் ஊசிக்குப் பயந்து அழுதோம். அந்தப் பெண் ஊசி போடுபவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தார். உடன் படித்த விக்டர் சாலமன் என்ற கிறிஸ்தவரை மணந்தார். அவர் இருதய அறுவை சிகிச்சை நிபுணரானார். இருவரும் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று போய் வேலை பார்த்தார்கள். சுனிதி அங்கே நோய்க்குறியியலில் பயிற்சி பெற்றார். 1973-ல் தம்பதிகள் ஊர் திரும்பினார்கள். நம் நாட்டில்தான் தன் வேலைக்குத் தேவை அதிகம் என்பது அவருடைய எண்ணம். பிறகு நுண்ணுயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கி, படித்த கல்லூரியிலேயே ஆசிரியராகி, பேராசிரியர் பதவி வரை உயர்ந்தார்.

இருநூறு ரத்த மாதிரிகள்

இப்போது காலத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். 1981 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு விசித்திரமான நோய் பற்றிய முதல் அறிக்கை வெளியாயிற்று. 1983-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் அதற்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதற்காக பிரான்ஸ்வாஸ் பாரே சினூசி அம்மையாருக்கும் லுக் மோந்தான்யேவுக்கும் 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1985 மார்ச்சில் ரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்கும் எலிசா பரிசோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் அப்போது பொதுவான அபிப்பிராயம் என்ன? இது மேல்நாட்டு வியாதி. நம் பண்பாடு, குடும்ப அமைப்பு இரண்டும் நம்மைக் காப்பாற்றும். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. பம்பாயில் எடுத்த மாதிரிகளைப் புனேயில் சோதித்தபோது ஒன்றிலும் கிருமியின் அடையாளம் தென்படவில்லை. அதனால் அந்த நம்பிக்கை இன்னும் கெட்டிப்பட்டது.

1985 கடைசியில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி மேற்படிப்புக்கான ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தார். சென்னையில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார், அபாயம் அதிகம் உள்ளவர்களிடமிருந்து இருநூறு ரத்த மாதிரிகள் எடு என்றார் பேராசிரியர் சுனிதி. எல்லாம் இல்லை என்றுதான் வரும் என்று மாணவி சொல்லிப் பார்த்தார். இருந்தாலும் பார்த்துவிடுவோம் என்றார் ஆசிரியை.

இந்த 'இருந்தாலும் பார்த்துவிடுவோம்' என்பதில்தான் விஞ்ஞானம் முழுவதும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இல்லை என்று நம்புவதும், இல்லை என்று சோதித்துத் தெரிந்துகொள்வதும் வேறு வேறு.

நிர்மலா அம்மையார் அதுவரை எலிக் காய்ச்சல் கிருமியைப் பற்றி வேலை செய்துகொண்டிருந்தவர். அடக்கமான குடும்பத்துப் பெண், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று தனிப் பேட்டை கிடையாது. ஜெனரல் ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்க்குச் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் பேசிப் பழகி விசாரித்தார். பலருடைய விலாசம் 'வி ஹோம்' என்று இருந்தது. விஜிலன்ஸ் ஹோம், அதாவது கைதான பெண்களை வைத்திருக்கும் அரசுக் காப்பகம். தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன்பு அங்கே போய் ரத்தம் எடுத்தார். கணவர் ஊக்கம் கொடுத்தார். மூன்று மாதத்தில் எண்பதுக்கு மேல் மாதிரிகள் சேர்ந்தன. கையுறை கிடையாது, வேறு பாதுகாப்பும் கிடையாது. ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்தெடுக்க ஆசிரியையும் மாணவியும் இருக்கிற சாமானை வைத்து ஒரு சிறு பரிசோதனைக் கூடத்தை அமைத்துக்கொண்டார்கள். வைக்க இடமில்லாமல் அந்த சீரத்தை நிர்மலா தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார்.

சென்னையில் அப்போது இதைச் சோதிக்க வசதி இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜானின் துறையில் எலிசா வசதி இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் ஐஸ் பெட்டியில் மாதிரிகளை வைத்து இரவு ரயிலில் காட்பாடி போனார்கள். மறுநாள் காலை வேலை தொடங்கிற்று. உதவிக்கு ஜார்ஜ் பாபு, எரிக் சைமோஸ் என்ற இரண்டு இளைஞர்கள். நடுவில் கரண்ட் போய், டீ குடிக்கப் போய்த் திரும்பி வந்து தட்டைத் திறந்து பார்த்தால், ஆறு குழிகள் மஞ்சளாக இருந்தன.

மஞ்சள் நிறத்தின் கணக்கு

அந்த மஞ்சள் என்ன என்று சொல்ல வேண்டும். நாளைக்கு நம் வீட்டில் யாருக்காவது இந்தப் பரிசோதனைக் காகிதம் வந்தால் இது தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பில் வைரஸ் புகுந்தால் ரத்தம் அதற்கென்று பிரத்தியேகமான எதிர்ப்பொருளைத் தயாரிக்கும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி மாதிரி. எலிசா தட்டில் சிறு சிறு குழிகள் இருக்கும். அவற்றின் அடியில் வைரஸின் புரதத்தைப் பூசியிருப்பார்கள். சீரத்தை ஊற்றினால், எதிர்ப்பொருள் இருந்தால் அது அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததைக் கழுவி விடுவார்கள். பிறகு, ஒட்டியதைத் தேடிப் பிடித்து நிறம் மாற்றும் ஒரு நொதியைச் சேர்ப்பார்கள். நிறம் வந்தால் எதிர்ப்பொருள் இருக்கிறது. ஆக, வைரஸ் வந்திருக்கக் கூடும். கவனியுங்கள், 'கூடும்' என்றுதான் சொல்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு லட்சம் பேரைச் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு இரண்டு பேர் வீதம் 200 பேருக்கு நிஜமாகவே தொற்று இருக்கிறது. பரிசோதனை அத்தனை பேரையும் பிடித்துவிடுகிறது. தொற்று இல்லாதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்கிறது. பிரமாதமான பரிசோதனை அல்லவா? ஆனால் மீதி அரை சதவீதம், 99,800 பேரில் 499 பேர். அவர்களுக்குத் தவறாக 'இருக்கிறது' என்று வரும். மொத்தம் 699 பேர் கையில் அந்தக் காகிதம் இருக்கும். உண்மையில் நோய் உள்ளவர்கள் 200 பேர்தான். இதனால்தான் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து யாருக்கும் எச்.ஐ.வி. என்று முடிவு சொல்லக் கூடாது. வெவ்வேறு விதமான பரிசோதனைகளால் உறுதி செய்ய வேண்டும் என்பது விதி.

இன்னொரு பக்கமும் உண்டு. தொற்று வந்த உடனே எதிர்ப்பொருள் உருவாகிவிடாது. சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம் வரை கூட ஆகலாம். அந்த இடைவெளியில் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை 'இல்லை' என்று சொல்லிவிடும்.

சுனிதி அம்மையாருக்கு இது தெரியும். ஆறு குழிகள் மஞ்சளானதும் அவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடவில்லை. குழுவினர் மீண்டும் காப்பகத்துக்குப் போய் அதே ஆறு பெண்களிடம் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறொரு முறையில் சோதித்தார்கள். ஆறும் உறுதியாயிற்று. அதன் பிறகுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குச் செய்தி போயிற்று. அங்கிருந்து பிரதமர் ராஜீவ் காந்திக்கும், தமிழ்நாட்டு சுகாதார அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டேவுக்கும் தகவல் சென்றது. 1986 மே மாதம் அமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். ஆசிரியையும் மாணவியும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

அரசாங்கத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நல்ல செய்தி கோப்பில் வேகமாக மேலே போகும். கெட்ட செய்தி ஒவ்வொரு மேஜையிலும் தங்கித் தங்கிப் போகும். 'மேலும் விவரம் தேவை' என்று எழுதித் திருப்பி அனுப்புவது சுலபம். இந்தச் செய்தி பிப்ரவரியில் வேலூரில் தெரிந்து மே மாதம் சட்டசபைக்கு வந்ததென்றால், விவரத்தில் ஓட்டை எதுவும் இல்லாதபடி பரிசோதனைக்காரர்கள் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடுத்த வருஷமே தேசிய அளவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1992-ல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் ஏற்பட்டது. 1994-ல் தமிழ்நாடு தனக்கென்று எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்தது. மற்ற மாநிலங்களுக்கு அது முன்மாதிரியாயிற்று.

ஜனங்கள் நன்றி சொன்னார்களா? பலர் நம்பவே இல்லை. எங்கிருந்தோ வந்த ஒரு பெண்மணி நம் ஊரைக் கேவலப்படுத்துகிறாள் என்று பேசியவர்களும் உண்டு. கண்ணாடியில் முகம் சரியாகத் தெரியவில்லை என்று கண்ணாடியைக் கோபித்துக்கொள்வது எல்லாக் காலத்திலும் நடப்பதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காப்பகத்துப் பெண்களிடம் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று சொல்லவில்லை. அன்றைய பழக்கம் அது. இன்று அப்படிச் செய்ய முடியாது. 2017-ல் பாராளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெறாமல் சோதிக்கக் கூடாது. முடிவை வெளியில் சொல்லவும் கூடாது. அந்த ஆறு பெண்களின் பெயர் சரித்திரத்தில் இல்லை. இல்லாதிருப்பதே நியாயம். ஆனால் நாடு விழித்துக்கொண்டது அவர்களுடைய ரத்தத்தால் என்பதை நாம் மறக்கக் கூடாது.

மேஜைக்கு அந்தப் பக்கம்

நிர்மலா அம்மையார் தன் ஆய்வேட்டை முடித்து, 1987-ல் தேறி, கிண்டி கிங் நிலையத்தில் தடுப்பு மருந்துத் தயாரிப்பு வேலையில் சேர்ந்து, 2010-ல் ஓய்வு பெற்றார். சுனிதி அம்மையார் வேறு வழியில் போனார்.

பரிசோதனைக் கூடத்தில் இருப்பவருக்கு நோயாளி ஒரு எண். முடிவை எழுதி அனுப்பினால் கடமை முடிந்தது. ஆனால் இந்த நோயில் முடிவு வந்த பிறகுதான் கஷ்டமே ஆரம்பிக்கும். அந்த நாளில் ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொள்ளாது. டாக்டர்கள் தொட மாட்டார்கள். வீட்டில் தட்டு, டம்ளர், படுக்கை எல்லாம் தனி. மனிதர் நோயில் சாவதற்கு முன்பே அவமானத்தில் பாதி செத்துவிடுவார். இதைப் பார்த்த சுனிதி, அரசாங்கக் கல்லூரிப் பேராசிரியர் பதவியை விட்டு, 1993-ல் தன் பிறந்த வீட்டுப் பெயரில் ஒய்.ஆர். கெய்டோண்டே எய்ட்ஸ் ஆராய்ச்சி மற்றும் கல்வி மையத்தைத் தொடங்கினார். ஒய்.ஆர்.ஜி. கேர் என்றால் சென்னையில் தெரியும். பின்னாளில் அது தரமணி வி.எச்.எஸ். ஆஸ்பத்திரி வளாகத்தில் இயங்கிற்று. அந்த ஆஸ்பத்திரியை உண்டாக்கிய டாக்டர் கே.எஸ். சஞ்சீவியை நம் மூத்த உறுப்பினர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

நுண்ணோக்கியில் கண் வைத்திருந்தவர், ஐம்பது வயதுக்கு மேல் நோயாளிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். பரிசோதனைக்கு முன்பு பேச்சு, முடிவு சொல்லும்போது பேச்சு, பிறகு குடும்பத்தாரோடு பேச்சு. மருந்து வாங்க முடியாத காலத்தில் பேச்சும் ஒரு மருந்துதான்.

பத்துப் பொருத்தமும் பதினோராவதும்

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

2000-ம் ஆண்டு அந்த மையத்தைச் சேர்ந்தவர்கள் தென்னிந்தியாவில் எச்.ஐ.வி. உள்ள பெண்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். திருமணம், ஒருவனுக்கு ஒருத்தி, எச்.ஐ.வி. என்பது அதன் பொருள். மையத்துக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? இல்லத்தரசிகள். ஆயுசில் தாலி கட்டிய புருஷனைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். அவர்கள் செய்த 'தப்பு' கல்யாணம் பண்ணிக்கொண்டதுதான். 1997-ல் புனேயில் நடந்த ஓர் ஆய்வும் இதையே சொல்லியிருந்தது.

'நம்ம ஆத்துக்கு இதெல்லாம் வராது' என்று மாமிகள் சொல்வது என் காதில் விழுந்திருக்கிறது. மாமாக்கள் சொல்வதில்லை, நினைத்துக்கொள்கிறார்கள். வைரஸுக்கு கோத்திரம், சூத்திரம் தெரியாது. படிப்பு, சம்பளம் எதையும் அது பார்ப்பதில்லை. நம் பிள்ளைகள் இருபத்திரண்டு வயதில் வேறு ஊர், வேறு தேசம் போய்த் தனியாக இருக்கிறார்கள். முப்பதைத் தாண்டித்தான் கல்யாணம். நடுவில் என்ன நடந்தது என்று துருவிக் கேட்கச் சொல்லவில்லை. எனக்கு அதில் சம்மதமும் இல்லை. ஆனால் நக்ஷத்திரம், ராசி, ரஜ்ஜு என்று பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், மணப்பெண், மணமகன் இருவரும் தாங்களாகவே இஷ்டப்பட்டு ரத்தத்தைச் சோதித்துக்கொள்வதைப் பதினோராவதாக வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

இதில் மூன்று விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். முதலாவது, பெண்ணை மட்டும் சோதிக்கச் சொல்வது அதர்மம். இருவரும் சேர்ந்து செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, முடிவு அவர்கள் இருவருக்குச் சொந்தம். சம்பந்திகளின் வாட்ஸப் குழுவுக்குச் சொந்தமல்ல. மூன்றாவது, பரிசோதனைக் காகிதம் நடத்தைச் சான்றிதழ் அல்ல. பழைய நாளில் சோதிக்காத ரத்தம் ஏற்றப்பட்டு நோய் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தாயின் வயிற்றிலேயே வாங்கிய குழந்தைகள் இருக்கிறார்கள். காசுக்கு ரத்தம் விற்கும் தொழிலை சுப்ரீம் கோர்ட் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் தடை செய்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

தொற்று இருக்கிறது என்று தெரிந்தால் கதை முடிந்ததா? முடியவில்லை. சுனிதி அம்மையார் செய்த காரியங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எச்.ஐ.வி. உள்ள ஆண்களுக்கும் பெண்களுக்கும் அவர் வரன் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தார். நம் இதழின் வரன் பக்கங்களைப் போலவே வயது, படிப்பு, உத்தியோகம், ஜாதி எல்லாம் அவர்களும் கேட்டார்கள். கூடவே சி.டி.4 எண்ணிக்கை, அதாவது உடம்பின் காவல் அணுக்கள் எத்தனை மிச்சம் இருக்கின்றன என்ற கணக்கும் பார்க்கப்பட்டது. இதைப் பற்றி 'லவ்சிக்' என்ற ஆவணப்படம் 2017-ல் வெளிவந்தது.

மருந்து வந்த பிறகு

1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்தது. வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவு. 2001-ல் நம் பம்பாய் சிப்லா கம்பெனியின் யூசுஃப் ஹமீது, அதைத் தொண்டு நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருகிறேன் என்றார். உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரல் முதல் தேதி இந்திய அரசு இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் எடுத்துக்கொண்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் கர்நாடகமும் இருந்தன.

2011-ல் இன்னொரு பெரிய செய்தி. தம்பதிகளில் ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 ஜோடிகளைப் பல நாடுகளில் ஆராய்ந்தார்கள். சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேர் அந்த ஆய்வில் ஒரு மையம். தொற்று உள்ளவருக்குச் சீக்கிரமாகவே மருந்து தொடங்கினால், துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று தெரிந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவின் மூலம் அடுத்தவருக்குப் பரவாது என்பது இன்று நிலைநிறுத்தப்பட்ட உண்மை. சிகிச்சையே இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. தக்க சிகிச்சையால் அதை ஐந்துக்கும் கீழே கொண்டுவர முடியும்.

தேசிய மதிப்பீட்டின்படி 2023-ல் இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள் சுமார் 25 லட்சம் பேர். வயது வந்தவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர். முன்னே கணக்கில் சொன்ன அதே விகிதம். அவர்கள் எங்கோ இல்லை. நம் அலுவலகத்தில், அபார்ட்மெண்டில், ரயிலில் எதிர் இருக்கையில் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் இந்த நோய் வராது. கை குலுக்கினால், ஒரே குளியலறையை உபயோகித்தால், கொசு கடித்தால் வராது. மடி, ஆசாரம் நம் அனுஷ்டானம். அதைப் பற்றி நான் பேசவில்லை. அதை இந்த நோய்க்குக் காரணம் காட்டி ஒரு மனிதரை ஒதுக்கி வைக்கப் பிரயோகிக்கக் கூடாது.

சந்தேகம் உள்ளவர்கள் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே ரகசியமாக, இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அதற்கு நம்பிக்கை மையம் என்று பெயர். 1097 என்ற இலவசத் தொலைபேசி எண் நாடு முழுவதற்கும் பொது. இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். உங்களை நம்பி ஒருவர் வந்து கேட்கும்போது தேவைப்படும்.

டாக்டர் சுனிதி சாலமன் 2015 ஜூலை 28-ம் தேதி சென்னையில் காலமானார். அதற்கு முதல் நாள்தான் டாக்டர் அப்துல் கலாம் மறைந்திருந்தார். தேசம் முழுவதும் அந்தத் துக்கத்தில் இருந்ததால், பலருக்கு இந்த அம்மையார் போனது தெரியவே இல்லை. 2017-ல் மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

நம் இதழின் ஆசிரியருக்கும், வரன் பக்கத்தைக் கவனிக்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம் வைத்து முடித்துக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தின் மேலே இரண்டு வரி போடுங்கள்: 'திருமணத்துக்கு முன் இருவரும் விருப்பத்துடன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம். முடிவு இருவருக்கு மட்டுமே உரியது.' இதற்குச் சில கண்டனக் கடிதங்கள் வரலாம். அவற்றுக்குப் பதில் எழுத நான் தயார். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை! அந்த இரண்டு வரியால் எங்கோ ஒரு ஊரில் ஒரு பெண் தப்பித்தால் போதும்.